வெரோனாவின் தலைவனைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரை விட்டுவிட்டுச் சமையலறை வரைக்கும் நடக்கிறாள் என்று படித்ததும் இங்கே எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. வலிக்கிறது என்று பயிற்சியை மட்டும் நிறுத்திவிட வேண்டாம், அண்ணன் சொன்னதாகச் சொல். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், மகள் தினமும் மிலானிலிருந்து வீடியோவில் காட்டுகிறாள். அவள் வீட்டில் அத்தனை நாள் குழந்தை அழுகையோடு இருந்துவிட்டு வந்ததால் இங்கே ஊரே ஓய்ந்துபோன மாதிரி இருக்கிறது.

நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியத்தில் மூன்றாம் பாகத்துக்கு வந்துவிட்டதாகவும், பதினேழாவது காண்டத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவ்வளவு புகழ்கிறாரே, அவன் யார் என்றும் கேட்டிருந்தாய். அடுத்து உங்கள் அடுக்ககச் சங்கத்துச் சண்டை. தண்ணீர் லாரிக் கணக்கிலிருந்து லிஃப்ட் பராமரிப்பு வரை ஒவ்வொரு கூட்டமும் கூச்சலில் முடிகிறது, பேசாமல் அந்த ஓய்வுபெற்ற அதிகாரியிடம் சாவியையும் வங்கிக் கணக்கையும் கொடுத்துவிட்டால் தேர்தலும் வேண்டாம் தீர்மானமும் வேண்டாம், நிம்மதியாக இருக்கலாம் என்றாய். இரண்டுக்கும் ஒரே ஆளை வைத்துப் பதில் எழுதுகிறேன். மிலானில் இருந்தபோது மகள் எங்களை வெரோனாவுக்கு அழைத்துப்போனாள். அங்கே அவன் சிலையைப் பார்த்ததிலிருந்து அவனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையன் கான்கிராந்தே தெல்லா ஸ்காலா. 1291இல் பிறந்தவன். காவியத்தில் தாந்தே நரகம், சொர்க்கம் என்று போகும் பயணம் 1300இல் நடப்பதாகக் கதை, அதனால்தான் ஒன்பது வயது. எழுதும்போது அவன் வெரோனாவின் ஆட்சியாளனாகவே இருந்தான். சொந்த ஊரான பிளாரன்சிலிருந்து துரத்தப்பட்ட தாந்தேவுக்கு முதலில் இடம் கொடுத்தது அவனுடைய அண்ணன் காலத்து வெரோனா. பிறகு 1310களில் சில ஆண்டுகள் கான்கிராந்தேயின் அரண்மனையில் விருந்தாளியாக இருந்தார். அடுத்தவர் வீட்டு ரொட்டி எப்படிக் கரிக்கும், அடுத்தவர் வீட்டுப் படியில் ஏறி இறங்குவது எவ்வளவு கடினம் என்று அவர் எழுதுவதும், இந்தப் பையனின் பெருமையை எதிரிகளாலும் சொல்லாமல் இருக்க முடியாது என்று எழுதுவதும் அதே காண்டத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார். நன்றியும் வலியும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கின்றன.

இனி அந்த வீடு எப்படி ஆட்சிக்கு வந்தது என்பதைக் கேள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

வட இத்தாலியில் அப்போது ஒவ்வொரு பெரிய நகரமும் தனி நாடு. பெயருக்கு மேலே ஜெர்மானியச் சக்கரவர்த்தி இருப்பார், இன்னொரு பக்கம் போப். அன்றாட ஆட்சி நகரசபை கையில். உள்ளூர்க்காரன் நிர்வாகியானால் தன் கட்சிக்கே பார்ப்பான் என்று பயந்து, பொதெஸ்தா என்ற நிர்வாகியை வெளியூரிலிருந்து குறுகிய காலத்துக்கு மட்டும் வரவழைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணக்காரக் குடும்பங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே இருந்தன. தோற்ற கட்சி ஊரைவிட்டு ஓடும், பக்கத்து ஊர் படையோடு திரும்பி வரும், அப்போது ஜெயித்த கட்சி ஓடும். மக்கள் களைத்துப்போனார்கள்.

அந்தக் களைப்பில்தான் எஸ்ஸெலினோ தா ரொமானோ என்பவன் வெரோனாவையும் பக்கத்து நகரமான பாதுவாவையும் பிடித்துக்கொண்டான். அவன் செய்த கொடுமைகளுக்காகத் தாந்தே அவனை நரகத்தில் கொதிக்கும் ரத்த ஆற்றில் நெற்றிவரை மூழ்கவைத்திருக்கிறார், முதல் பாகத்திலேயே படித்திருப்பாய். 1259இல் அவன் செத்ததும் வெரோனாக்காரர்கள் மஸ்தீனோ தெல்லா ஸ்காலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்களின் தலைவர் என்ற பதவி கொடுத்தார்கள். நன்றாகவே நடத்தினான். 1277இல் அவனைக் கொன்றுவிட்டார்கள். அதிர்ந்துபோன நகரம் அவன் தம்பி அல்பெர்தோவை அதே பதவிக்கு ஆயுள் முழுவதற்குமாகத் தேர்ந்தெடுத்தது. யாரும் வாள் காட்டி வாங்கவில்லை, சபை கூடி, குரல் கொடுத்து, தானாகவே கொடுத்தார்கள். மறு ஆண்டு, 1278 பிப்ரவரியில், இப்போது ஓபரா நடக்கிற அந்த ரோமானிய அரங்கத்தில் போப்பின் சபை ஏற்காத கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சுமார் 200 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். நான் அந்தக் கல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கே காப்பி குடித்திருக்க மாட்டேன்.

அல்பெர்தோவுக்குப் பிறகு மகன்கள் வரிசையாக வந்தார்கள். பார்தொலொமேயோ 1304இல் இறந்தான், அல்பொயினோ 1311இல். கடைசி மகன் கான்கிராந்தே இருபது வயதில் தனி ஆளாக ஆட்சிக்கு வந்தான். தேர்தல் என்ற சடங்கு இருந்ததா இல்லையா என்பதே அதற்குள் யாருக்கும் பொருட்டாக இல்லை. முப்பத்து நாலு வருஷத்தில், சபை ஒருமுறை கொடுத்தது குடும்பச் சொத்தாகிவிட்டது. அதே 1311இல் சக்கரவர்த்தி ஏழாம் ஹென்றியிடமிருந்து பிரதிநிதிப் பதவியும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அதிகாரம் கீழே மக்களிடமிருந்து வந்ததாகச் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. 1318இல் போப் இருபத்திரண்டாம் ஜான் அந்தப் பட்டத்தை விடச் சொல்லி அவனைத் திருச்சபையை விட்டே விலக்கினார். அவன் விடவில்லை.

அவனுடைய வாழ்க்கை முழுக்கப் பாதுவாவோடு நடந்த சண்டை என்று சொல்லலாம். வெரோனாவுக்கும் பாதுவாவுக்கும் நடுவில் விசென்சா இருக்கிறது, பாதுவாவின் ஆதிக்கத்தில் இருந்த ஊர். 1311இல் அதைக் கான்கிராந்தே பிடித்தான். பிடித்தவுடன் தண்ணீர்ப் பிரச்சினை வந்துவிட்டது. பக்கிலியோனே ஆறு விசென்சா வழியாகத்தான் பாதுவாவுக்குப் போகிறது, அதை மேலேயே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பாதுவாவின் மாவு மில்களெல்லாம் தண்ணீரில் சுற்றுபவை. ஆறு நின்றால் ரொட்டி நின்றுவிடும். பாதுவாக்காரர்கள் 1314இல் பிரெந்தா ஆற்றிலிருந்து புதிதாக ஒரு கால்வாயே வெட்டிக்கொண்டு வந்தார்கள். அரசியல் வரலாற்றில் இதை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள், எனக்கு மட்டும் அந்தக் கால்வாய் வெட்டியவர்கள்தான் கண்முன் நிற்கிறார்கள்.

அதே 1314 செப்டம்பரில் பாதுவா படை விசென்சாவின் புறநகருக்குள் புகுந்தது. புகுந்தவர்கள் கோட்டையைப் பிடிக்காமல் வீடுகளைக் கொள்ளையடிக்க இறங்கினார்கள். செய்தி வெரோனாவுக்கு எட்டியதும் கான்கிராந்தே குதிரை ஏறினான். இடையில் ஐம்பது கிலோமீட்டர். பெரிய படை திரளட்டும் என்று காத்திருக்கவில்லை. விசென்சாவில் இருந்த ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வாசலைத் திறந்து பாய்ந்தான். எதிரிப் படை எத்தனையோ மடங்கு பெரியது, ஆனால் யாரும் தயாராக இல்லை, ஓடினார்கள். இருபத்து மூன்று வயதில் கிடைத்த இந்த வெற்றிதான் அவன் பெயரை இத்தாலி முழுக்கக் கொண்டுபோனது.

அன்று பிடிபட்டவர்களில் ஒருவர் அல்பெர்த்தினோ முஸ்ஸாத்தோ. இந்தக் கடிதமே அவருக்காகத்தான் என்று வைத்துக்கொள். பாதுவாவின் கவிஞர், வரலாற்று ஆசிரியர், நகரசபைக்காரர், அன்றைக்குக் கையில் வாளும் பிடித்தவர். காயத்தோடு பிடிபட்ட அவரைக் கான்கிராந்தே மரியாதையாக நடத்தினான். பேச்சுக்குப் பேச்சு ஈடு கொடுக்கிற எதிரியை அவனுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. சமாதானம் ஆனதும் விட்டுவிட்டான்.

விடுதலையாகி ஊருக்குப் போன முஸ்ஸாத்தோ ஒரு நாடகம் எழுதினார், லத்தீனில், பழைய ரோமானிய நாடகாசிரியர் செனெக்காவின் வழியில். எச்செரினிஸ் என்று பெயர். கதாநாயகன் பழைய எஸ்ஸெலினோ, அதில் சாத்தானுக்கே பிறந்தவனாக வருகிறான். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முன் செத்தவனைப் பற்றி அப்போது ஏன் எழுத வேண்டும்? வெரோனாவில் இன்னொருவன் வளர்ந்துவருகிறான், இப்படித்தான் தொடங்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான். பாதுவா நகரம் 1315 டிசம்பரில் அவர் தலையில் கவிஞருக்கான இலை முடியைச் சூட்டியது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த நாடகத்தைப் பொதுவில் வாசிக்க வேண்டும் என்று தீர்மானமும் போட்டது.

இதை நினைத்துப் பார், நண்பா. தன்னை அடித்துத் துன்புறுத்தியவனை எதிர்த்து எழுதுவது யாரும் செய்வது. முஸ்ஸாத்தோவுக்கு அந்த மனிதனிடம் நல்ல அனுபவம்தான். தைரியசாலி, தாராளமானவன், கவிஞர்களை மதிப்பவன் என்று நேரிலேயே தெரியும். தெரிந்தும், இவன் கையில் என் ஊர் போகக்கூடாது என்று எழுதினார். ஆள் நல்லவனா என்பது ஒரு கேள்வி, அவனை யார் தட்டிக்கேட்க முடியும் என்பது வேறு கேள்வி என்று அவருக்குத் தெளிவாக இருந்தது. தாந்தே எவ்வளவு பெரிய கவிஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கான்கிராந்தேயை அறிய யாருடைய சாட்சியை எடுப்பாய் என்றால் முஸ்ஸாத்தோவைத்தான் எடுப்பேன். தாந்தே அவன் உப்பைத் தின்றவர்.

விருந்தாளி வாழ்க்கையும் தாந்தேவுக்கு முழுக்க இனிக்கவில்லை. பின்னால் வந்த கவிஞர் பெத்ரார்க்கா எழுதிவைத்திருக்கிறார். அரண்மனையில் கோமாளி ஒருவன் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தானாம். இவனை எல்லோருக்கும் பிடிக்கிறதே, அறிவாளியான உம்மை ஏன் பிடிப்பதில்லை என்று கான்கிராந்தே கேட்டானாம். ஒத்த குணம்தானே நட்புக்கு அடிப்படை என்று தாந்தே சொன்னாராம். நடந்ததோ கட்டிச் சொன்னதோ, அங்கிருந்து கிளம்பி அவர் ராவென்னாவுக்குப் போய், 1321இல் அங்கேயே இறந்தார்.

உங்கள் சங்க விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அதிகாரி நல்லவர், கணக்கில் கறார் என்று நீ எழுதியதை நம்புகிறேன். கொடுங்கள், ஆனால் ஒரு வருஷத்துக்குக் கொடுங்கள். வரவு செலவை அவரைப் பிடிக்காத ஒருவர் பார்க்கட்டும். கூட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், கூச்சலாக இருந்தாலும் சரி. வெரோனாக்காரர்களும் நல்லவனுக்குத்தான் கொடுத்தார்கள். உனக்குக் கோபம் வந்தாலும் வரட்டும், இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

பாதுவாவுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? இதுதான் மனதை அறுக்கிறது. வெளியே இருக்கும் கான்கிராந்தேக்குப் பயந்து, 1318இல் அவர்களே யாக்கோப்போ தா கராரா என்பவனைத் தங்கள் தலைவனாக்கிக்கொண்டார்கள். ஒரு தலைவன் வந்துவிடுவானோ என்ற பயத்தில் இன்னொரு தலைவனைச் செய்துகொண்டது அந்த ஊர். 1320 ஆகஸ்டில் முற்றுகையில் கான்கிராந்தேயைத் தோற்கடித்து, காயத்தோடு மொன்செலிசெ கோட்டைக்கு ஓடவும் வைத்தார்கள். ஆனால் உள்ளே கராரா குடும்பம் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டது. முஸ்ஸாத்தோவையே 1325இல் ஊரைவிட்டுத் துரத்தினார்கள், முடி சூட்டிய அதே ஊர். கடைசியில் 1328 செப்டம்பரில் மர்சீலியோ தா கராரா நகரத்தைக் கான்கிராந்தேயிடம் தானே ஒப்படைத்தான். அத்தனை வருஷம் வாளால் முடியாதது பேரத்தில் முடிந்தது.

முஸ்ஸாத்தோ 1329 மே 31 அன்று கியோஜாவில் அகதியாக இறந்தார். அப்போது கான்கிராந்தே த்ரெவீசோ நகரத்துக்குக் குறிவைத்திருந்தான். ஜூலை 18 அன்று வெற்றியோடு உள்ளே போனான். 22ஆம் தேதி பிணமானான். வயது முப்பத்தெட்டு. வரும் வழியில் குளிர்ந்த ஊற்றுத் தண்ணீர் குடித்ததால் வாந்தியும் பேதியும் வந்து இறந்தான் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள்.

மீதியை மருந்துக்கடைக்காரனாக எழுதுகிறேன். 2004இல் பீசா பல்கலைக்கழகத்து ஜீனோ ஃபோர்னாச்சாரியின் குழு அவன் கல்லறையைத் திறந்தது. உடல் இயற்கையாகவே காய்ந்து பதப்பட்டு, குடல் உட்பட அப்படியே இருந்தது. உள்ளே சாமந்தி இனத்துக் கெமோமில், மல்பெரி, இவற்றோடு டிஜிட்டாலிஸ் செடியின் மகரந்தம். கல்லீரலிலும் மலத்திலும் அந்தச் செடியிலிருந்து வரும் இதய மருந்துகளான டிஜாக்சின், டிஜிடாக்சின், இரண்டும் நஞ்சாகும் அளவில். நானும் வேலையில் இருந்த காலம் முழுக்க டிஜாக்சின் மாத்திரையை எண்ணிக் கொடுத்தவன். குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே மயிரிழைதான். அளவு மீறினால் முதலில் வருவது குமட்டலும் வாந்தியும், பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். பழைய குறிப்புகள் சொல்லும் அந்த வயிற்று நோய் இதனோடு அப்படியே பொருந்துகிறது. அந்தச் செடியை இதயத்துக்கு முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1785க்குப் பிறகுதான், வில்லியம் வித்தரிங் எழுதிய பிறகு. அதனால் 1329இல் நோய்க்குக் கஷாயம் காய்ச்சும்போது தவறிப்போய்க் கலந்துவிட்டார்கள் என்பதைவிட, கஷாயத்தில் மறைத்துக் கொடுத்தார்கள் என்றுதான் அந்த ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அவனுடைய மருத்துவர்களில் ஒருவரைத் தூக்கில் போட்டதாகவும் பழைய குறிப்பு இருக்கிறது. போட்டவன் அடுத்துப் பட்டத்துக்கு வந்த அண்ணன் மகன், இரண்டாம் மஸ்தீனோ. லாபம் அடைந்தவனும் அவன்தான்.

யார் கொடுத்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு ஊரின் முழு அதிகாரமும் ஒரே உடம்புக்குள் இருந்தால், அந்த உடம்பைச் சுற்றியிருக்கிறவர்களுக்கு என்னென்ன ஆசை வரும் என்பதற்கு அந்தக் குடும்பமே சாட்சி. அவனுக்கு மனைவி வழியில் பிள்ளை இல்லை, அண்ணன் மகன்கள் இருவரும் ஆண்டார்கள். அதற்கடுத்த தலைமுறையில் கான்சிஞோரியோ தன் அண்ணன் இரண்டாம் கான்கிராந்தேயை 1359இல் கொன்றான். தான் சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் 1375இல் தன் தம்பியையும் சிறையிலேயே தீர்த்துக்கட்டினான், தன் பிள்ளைகளுக்குப் போட்டி இருக்கக்கூடாது என்று. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் மற்றவனைக் கொல்லவைத்தான் என்று குற்றச்சாட்டு. 1387இல் மிலானின் விஸ்கொந்தி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான்.

கல்லறை வெரோனாவில் சாந்தா மரியா அந்திகா கோவில் வாசலுக்கு மேலேயே இருக்கிறது. ஏணிச் சின்னம் பொறித்த கேடயங்களோடு நாய்கள் பெட்டியைத் தாங்கி நிற்கின்றன. அதன் உச்சியில் குதிரைமேல் அவன் சிலை, அது நகல். அசல் காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில், கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா அமைத்த உயரமான கான்கிரீட் மேடையில். கையில் வாள், முகத்தில் சிரிப்பு. வாய் நன்றாக விரிந்த, யாருக்கும் பயப்படாத சிரிப்பு. அவனுக்குக் கவிஞர்கள் ஏன் மயங்கினார்கள் என்று அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, எனக்கே பிடித்துவிட்டது. கல்லறையில் கிடைத்த பட்டுத் துணிகளும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள், தூரக் கிழக்கிலிருந்து வணிகர் வழியாக வந்தவை. நீ பார்த்தால் துணி வியாபாரம் செய்த உன் அப்பாவைத்தான் நினைப்பாய்.

இந்த உறைக்குள்ளேயே சிலையின் படங்களை வைத்திருக்கிறேன். பதினேழாவது காண்டத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, தாந்தேவுக்காக என்னிடம் சண்டை போடு. சீக்கிரம் எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு நீங்கள் இருவரும் இங்கே வருவதாக இருந்தால் ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், கீழ் பெர்த் கிடைத்தால்தான் அவள் காலுக்கு நல்லது.

அன்புடன்,
என்றும் உன் நண்பன்